உயிரைப் பணயம் வைத்த இடம்

ஒரு காரியத்தில் முழுமூச்சாக இறங்கி, தன்னிடம் இருப்பதையெல்லாம் அதில் கொட்டி உழைப்பதை ஜப்பானியர்கள் 'இஷ்ஷோகென்மே' என்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் தாய் சொல்வதும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மேலதிகாரியிடம் உறுதி கூறுவதும், தேர்தலில் நிற்பவர் வாக்காளர்முன் குனிந்து சொல்வதும் இதே சொல்தான். நான்கு சீன எழுத்துகளால் எழுதுவார்கள். ஒரு வாழ்நாள் முழுதையும் கொடுத்து, உயிரைப் பணயம் வைத்து என்று பொருள் விரியும். ஜப்பானைப் பற்றித் தமிழில் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு அந்த நாட்டின் முகமே இதுதான். சாம்பலிலிருந்து எழுந்தவர்கள், ஓய்வறியாதவர்கள், வேலைநிறுத்தம் என்றால்கூடக் கறுப்புப் பட்டை அணிந்துகொண்டு கூடுதலாக உற்பத்தி செய்பவர்கள் என்றெல்லாம் வார இதழ்களில் படித்தோம். அந்த வியப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. இதே முழுமூச்சான உழைப்பு சில காலங்களில் அந்த மக்களை வளர்த்திருக்கிறது, சில காலங்களில் கொன்றிருக்கிறது. வளர்த்த காலத்திலும் கொன்ற காலத்திலும் மன உறுதி ஒன்றுபோலவே இருந்தது. உழைப்புக்கு ஓர் எல்லை இருந்ததா, உழைப்பைக் கேட்டவருக்கும் ஒரு கடமை இருந்ததா என்ற இரண்டு கேள்விகளே வேறுபாட்டைக் காட்டுகின்றன.

சொல்லின் பழைய வடிவம் 'இஷ்ஷொகென்மே'. நடுவில் இருப்பது குறில். குறிலாக இருந்தபோது அதன் பொருள் 'ஓர் இடம்'. நெடிலானபோது 'ஒரு வாழ்நாள்' ஆயிற்று. ஒரு மாத்திரை நீண்டதில் நிலம் போய் ஆயுள் வந்து அமர்ந்துகொண்டது. இடைக்காலத்துப் போர்வீரர் குடும்பம் தன் பிழைப்புக்கு நம்பியிருந்த நிலத்தையே உயிரைப் பணயம் வைத்த ஓர் இடம் என்று அன்று குறிப்பிட்டார்கள். தொகுகவா ஆட்சி நடந்த எதோக் காலத்தில் நெடில் வழக்குக்கு வந்தது. இன்றைய நாளிதழ்களும் ஒலிபரப்பும் பெரும்பாலும் நெடிலைத்தான் கையாள்கின்றன. ஒரு சொல்லின் பிறப்பை வைத்து ஒரு சமூகத்தின் நடத்தையை விளக்கிவிட முடியாது என்று மொழியறிஞர்கள் கண்டிப்பார்கள். கண்டிப்பு சரியானது. ஒலி திரிந்த காரணத்தால் எவரும் கூடுதலாக உழைத்துவிடவில்லை. சொல் ஒரு திசையைக் காட்டுகிறது, அவ்வளவே. சான்றுகளை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

1185இல் போர்வீரர் தலைவர் மினமோட்டோ யொரிட்டோமோ தன் ஆட்களை நிலங்களுக்கு 'ஜிட்டோ'க்களாக அமர்த்தும் உரிமையைப் பெற்றார். நிலத்தைக் காத்து, வரி வசூலித்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் பதவி அது. கமாகுராவில் இருந்த அவரது ஆட்சித் தலைமை, வீரனின் நிலத்தை உறுதிசெய்து கொடுக்கும், புதிய நிலமும் அளிக்கும். அழைப்பு வந்தால் வீரன் ஆயுதத்தோடு புறப்பட வேண்டும். நாம் செஞ்சோற்றுக் கடன் என்பதற்கு நெருங்கிய உறவு இது. ஆனால் இங்கே கடன் இரு பக்கமும் உண்டு. அந்தக் கடன் வெறும் நல்லெண்ணத்தின்மேல் விடப்படவும் இல்லை. 1232இல் வந்த 51 விதிகள் கொண்ட சட்டத்தொகுப்பில், ஒரு நிலத்தை 20 ஆண்டுகள் தன் ஆளுகையில் வைத்திருந்தவரை அங்கிருந்து அகற்றக்கூடாது என்ற விதி இருக்கிறது. நிலத் தகராறுகளைக் கேட்கக் கமாகுராவில் வழக்குமன்றம் இருந்தது. 1279இல் அபுத்சு என்ற துறவிப் பெண், தன் மகனுக்குச் சேர வேண்டிய பண்ணைக்காகக் கியோட்டோவிலிருந்து அங்கே போய் வழக்காடினார். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த சமூகம் உரிமையைக் கேட்கவும் கூசவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த உறவின் மிக அழகான சித்திரம் 'ஹச்சி நோ கி' என்ற நோ நாடகம். பனி கொட்டும் இரவில் ஒரு துறவி சானோ என்ற ஊரில் ஓர் ஏழை வீரனின் வீட்டில் தங்குகிறார். உறவினர்கள் அவன் நிலத்தைப் பறித்துக்கொண்டார்கள். விருந்தாளிக்குக் குளிர்காய விறகில்லாததால், தான் பேணி வளர்த்த பிளம், செர்ரி, பைன் தொட்டிச் செடிகளை வெட்டி எரிக்கிறான். கமாகுரா அழைத்தால் கிழிந்த கவசமும் மெலிந்த குதிரையுமாக முதலில் ஓடுவேன் என்கிறான். பிறகு அழைப்பு வருகிறது, சொன்னபடியே போய் நிற்கிறான். அந்தத் துறவி, ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகியிருந்த ஹோஜோ தொகியோரி. பறிபோன நிலத்தை மீட்டுத் தருவதோடு, எரிந்த மூன்று மரங்களின் பெயர் கொண்ட மூன்று ஊர்களையும் அவனுக்கு அளிக்கிறார். விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு என்று இதைச் சொல்வது வழக்கம். என் கண்ணில் இது கேட்பவரின் கடமையைப் பற்றிய நாடகம். வீரன் கொடுத்தது உண்மையா என்று தலைவர் சோதிக்கிறார், உண்மை என்று கண்டபின் தன் பங்கை நேர்செய்கிறார். அந்தப் பின்பாதி இல்லாவிட்டால், ஏமாந்த ஒருவனின் கதை மட்டுமே எஞ்சும்.

கதைக்கு வெளியிலும் சான்று உண்டு. 1274இல் மங்கோலியப் படை ஹக்காட்டாவில் இறங்கியபோது, தகெசாகி சுயெனாகா என்ற வீரர், தன்னையும் சேர்த்து ஐந்து குதிரைவீரர்களோடு எதிரியின்மேல் பாய்ந்தார். காயமும் பட்டார். அவர் செயல் மேலிடத்துக்கு முறையாகப் போய்ச் சேரவில்லை. அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. மறு ஆண்டு, குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவு தேடிக்கொண்டு கியூஷுவிலிருந்து கமாகுரா வரை போனார். அதாச்சி யாசுமோரி என்ற உயர் அதிகாரியைச் சந்தித்து முறையிட்டார். தன் மாகாணமான ஹிகோவில் ஒரு ஜிட்டோ பதவி பெற்றுத் திரும்பினார். இவ்வளவையும் அவரே ஓவியச் சுருளாக வரைவித்து வைத்தார், அது இன்றும் இருக்கிறது. பலனை எதிர்பாராமல் போரிடுபவன்தான் சாமுராய் என்று நாம் கேட்டுப் பழகியது மிகவும் பிற்காலத்துச் சித்திரம். 1281இல் மங்கோலியர் மறுபடி வந்து தோற்றபோது நிலைமை கெட்டது. தற்காப்புப் போரில் பிடித்துப் பகிர்ந்தளிக்க நிலம் எதுவும் கிடைக்கவில்லை. கடலோரக் காவலும் செலவும் மட்டும் தொடர்ந்தன. வீரர்கள் நிலத்தை அடகு வைத்தார்கள், விற்றார்கள். 1297இல் கமாகுரா ஆணை பிறப்பித்து, அவர்கள் விற்றதைத் திருப்பிக் கொடுக்க வைக்கப் பார்த்தது. மனக்குறை ஆறவில்லை. 1333இல் அந்த ஆட்சி விழுந்தபோது, அதை வீழ்த்தியவர்களில் அதன் சொந்த வீரர்களே இருந்தார்கள். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேட்கும் பக்கம் தன் கடனைத் தீர்க்க முடியாமல் போனது அவற்றில் சிறியதல்ல.

அதன்பின் நிலமும் வீரனும் பிரிந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியாளர் ஹிதெயொஷி குடியானவரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார், வீரர்கள் கோட்டை நகரங்களில் குடியேறினார்கள். தொகுகவா ஆட்சியில் பெரும்பாலான சாமுராய்கள், தலைவன் அளக்கும் அரிசியைச் சம்பளமாக வாங்குபவர்கள். தமக்கென்று காக்க ஓர் இடம் அவர்களுக்கு இல்லை. சொல் தன் இடத்தை இழந்ததும் இந்த நூற்றாண்டுகளில்தான் என்பதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை. ஆனால் உண்மையான உழைப்பு அப்போது வேறு கைகளில் இருந்தது. வரலாற்றாசிரியர் ஹயாமி அகிரா, நகோயாவைச் சுற்றியுள்ள நோபிச் சமவெளியின் பழைய ஊர்ப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, மக்கள்தொகை கூடக் கூட உழவு மாடும் குதிரையும் குறைந்துபோனதைக் கண்டார். விலங்கு செய்த வேலையை மனிதக் கைகள் ஏற்றுக்கொண்டன. ஆழ உழுதல், எருவிடுதல், இரண்டாம் போகம் என நாள் முழுவதும் வேலை நீண்டது. இதை அவர் 'உழைப்புப் புரட்சி' என்று அழைத்தார். ஜப்பானியரின் கடும் உழைப்பு ரத்தத்தில் வந்தது என்பாருக்கு இது நல்ல பதில். அது குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட காரணங்களால் வளர்ந்தது. காரணங்களில் ஒன்று வரி. ஒருமுறை அளந்த நிலத்தைப் பல வட்டாரங்களில் நெடுங்காலம் மறுபடி அளக்கவே இல்லை. கூடுதலாக விளைந்ததில் பெரும்பகுதி விளைவித்த குடும்பத்துக்கே மிஞ்சியது. அவர்கள் பாடுபட்டது கண்முன் தெரிந்த ஒரு வயலுக்காக.

இந்தக் காலத்தின் முடிவில் வந்த நினொமியா சொன்டொகுவை (1787–1856) ஜப்பானியப் பள்ளிகள் தவறாக நினைவு வைத்தன என்று துணிந்து சொல்வேன். முதுகில் விறகுச் சுமையோடு நடந்தபடி புத்தகம் படிக்கும் சிறுவனாக அவரைச் சிலை வடித்து, போருக்கு முன் நாடெங்கும் தொடக்கப்பள்ளி முற்றங்களில் நிறுத்தினார்கள். ஓயாத உழைப்பின் வடிவம் அந்தச் சிறுவன். வளர்ந்த சொன்டொகுவோ, நொடித்த ஊர்களைச் சீர்செய்தபோது முதலில் கை வைத்தது ஆண்டையின் செலவில். பழைய விளைச்சல் கணக்குகளைப் புரட்டி, நிலம் உண்மையில் என்ன தரும் என்று கண்டு, அதற்குமேல் ஆண்டை எடுக்கக்கூடாது என்று அளவு கட்டினார். 'புந்தோ' என்று அதற்குப் பெயர். அந்த அளவுக்கு ஒப்புதல் கிடைத்தபிறகே குடியானவரிடம் உழைப்பைக் கேட்டார். சுமை தூக்கும் பிள்ளையைச் சிலையாக்கியவர்கள், ஆண்டைக்கு வரம்பு கட்டிய மனிதரை முற்றத்தில் நிறுத்தவில்லை.

வரம்பில்லாமல் உழைப்பைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1944இன் இம்பால் போரைவிடக் கொடிய சான்று வேண்டாம். படைத்தலைவர் முத்தகுச்சி ரென்யா மூன்று டிவிஷன்களைச் சின்ட்வின் ஆற்றைக் கடந்து மணிப்பூர் மலைகளுக்குள் அனுப்பினார். கையில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவு. அதற்குள் இம்பாலைப் பிடித்து எதிரியின் கிடங்கில் சாப்பிடலாம் என்பது கணக்கு. ஓட்டிச்சென்ற மாடுகள் ஆற்றிலும் மலையிலும் அழிந்தன, மழை பிடித்துக்கொண்டது, அரிசியும் குண்டும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் மன உறுதியால் வெல்லுங்கள் என்ற பதிலே வந்தது. கொஹிமாவில் இருந்த டிவிஷன் தலைவர் சாத்தோ கொத்தோகு மே மாத முடிவில் ஆணையை மீறித் தன் படையைப் பின்வாங்கச் செய்தார். உணவு தருவதாக ஒப்புக்கொண்டு தராதவர்களின் ஆணைக்கு, பட்டினி கிடக்கும் ஆட்களைப் பலியிட அவர் மறுத்தார். அவரைப் பதவி நீக்கினார்கள், வழக்குமன்றத்தில் நிறுத்தாமல் மனநிலை பிறழ்ந்தவர் என்று முடிவு கட்டினார்கள். மற்ற இரு டிவிஷன் தலைவர்களும் நீக்கப்பட்டார்கள். அந்தப் போரில் ஏறக்குறைய 30,000 ஜப்பானியர் மாண்டார்கள், பெரும் எண்ணிக்கையினர் பசியாலும் நோயாலும். மலேயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவத்தின் பிரிவுகளும் அதே காட்டில் அதே பசியை அனுபவித்தன. வீரர்களிடம் இஷ்ஷோகென்மே குறைவாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. சுயெனாகா காலத்து வீரனுக்கு இருந்த முறையிடும் வாசல் இவர்களுக்கு இல்லை. வாசலைத் தானே திறந்தவரைப் பைத்தியம் என்றார்கள்.

போருக்குப் பிந்தைய எழுச்சியைச் சொல்லி இதை மறுப்பார்கள். நாடே தன்னை வருத்திக்கொண்டதால்தானே கப்பலும் எஃகும் காரும் வந்தன? 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பெண்கள் கைப்பந்து அணி இதற்கு விருப்பமான சாட்சி. ஒசாக்கா அருகே கைசுகா நூற்பாலையின் ஊழியர்களே அந்த அணியின் முதுகெலும்பு. பகலில் வேலை பார்த்துவிட்டு நள்ளிரவு தாண்டிப் பயிற்சி செய்தார்கள். பயிற்சியாளர் தைமாத்சு ஹிரொபுமி இம்பாலில் இருந்து உயிரோடு மீண்டவர். அவர் கடுமையை நான் புகழ மாட்டேன். ஆனால் சோவியத் அணியை வீழ்த்தியதில் விழுந்து உருண்டு பந்தை எடுத்து எழும் புதிய நுட்பத்துக்கும் பங்கு உண்டு, வெறும் வியர்வை அதைக் கண்டுபிடிக்காது. அந்த உழைப்புக்கு ஒலிம்பிக் என்ற கெடுவும் இருந்தது. அது முடிந்ததும் பயிற்சியாளரும் முக்கிய வீராங்கனைகளும் விலகினார்கள். தொழிற்சாலைகளிலும் அப்படியே. பெரிய நிறுவனங்கள் ஓய்வுபெறும் வரை வேலை, வயதோடு ஏறும் சம்பளம், நோயிலும் கைவிடாத ஆதரவு ஆகியவற்றுக்கு உறுதி சொல்லித்தான் உழைப்பைக் கேட்டன. நிறுவனமே புதிய 'ஓர் இடம்' ஆயிற்று. எழுச்சியை உண்டாக்கியது இருபக்க ஒப்பந்தம். அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்காட்டி உழைப்பின் மகிமை பேசுவது சரியல்ல.

இங்கே என் வாதத்தையே திருப்பிக் கேட்கலாம். வேலைக்கு உறுதி இருந்த 1980களில்தானே 'கரோஷி', அதாவது வேலைப்பளுவால் மரணம், ஊரறிந்த துயரமானது? 1988இல் வழக்கறிஞர்கள் அதற்கெனத் தொலைபேசி ஆலோசனையே தொடங்க வேண்டியிருந்தது. உண்மைதான். கைம்மாறு மட்டும் போதாது, எல்லையும் வேண்டும் என்பதை அந்த மரணங்கள்தான் காட்டுகின்றன. 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தது. ஆனால் அதன் 36ஆம் பிரிவின்படி நிறுவனமும் தொழிலாளர் தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் கூடுதல் நேரம் வாங்கலாம். 'சபுரோகு' என்று எல்லோரும் அறிந்த அந்த ஒப்பந்தத்துக்கு 70 ஆண்டுகளுக்குமேல் தண்டனையோடு கூடிய உச்சவரம்பு இல்லை. பணத்துக்குக் கணக்கு இருந்தது, உடம்புக்கு இல்லை. 1990களில் பொருளாதாரம் சரிந்தபின் கைம்மாறும் சுருங்கியது. இன்று ஜப்பானிய ஊழியர் பத்தில் ஏறக்குறைய நால்வர் நிரந்தரமில்லாத வேலையில் இருக்கிறார்கள். ஆயுள் முழுதும் வைத்துக்கொள்வோம் என்ற உறுதி போயிற்று. ஆயுள் முழுதையும் கொடு என்ற எதிர்பார்ப்பு மட்டும் எஞ்சியது. 2000இல், அளவுமீறிய வேலையால் தற்கொலை செய்துகொண்ட இளைஞர் ஒருவரின் வழக்கில், ஊழியரின் உடல் மன நலத்தைக் காப்பது நிறுவனத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் கரோஷித் தடுப்புச் சட்டம் வந்தது. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் விடாமல் போராடியதால் வந்த சட்டம் அது. அவர்கள் உழைப்பைத்தான் நான் உண்மையான இஷ்ஷொகென்மே என்பேன், குறிலோடு.

பலனே கருதாமல் வேலைக்காகவே வேலை செய்யும் கைவினைஞரைச் சொல்லி மறுப்பவர்களை நான் மதிக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஜப்பானின் ஆழமான அழகு அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அவர்களின் உலகம் எல்லையற்றது என்பது தவறு. இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் கட்டியது 62ஆவது முறை. தச்சர் தன் முழுத் திறனையும் அதில் வைக்கிறார், பிறகு ஒதுங்கிக்கொள்கிறார். அடுத்த சுற்றில் அவரிடம் கற்றவர் வருவார். மரத்துக்கும் கைக்கும் ஆயுள் உண்டு என்று ஒப்புக்கொண்டு அமைத்த ஏற்பாடு அது. தவிரவும், ஒருவர் தானே விரும்பித் தன்னை முழுதாகக் கொடுப்பது வேறு, அதை இன்னொருவர் அவரிடம் கேட்டு வாங்குவது வேறு. நான் பேசுவது கேட்டு வாங்குவதைப் பற்றி.

ஊக்கச் சொல்லே கூடாதா என்ற கேள்வியும் நியாயமானது. 1936 பெர்லினில் 200 மீட்டர் நீச்சலில் மயெஹதா ஹிதெகோ கடைசி மீட்டர்களில் போராடியபோது, வானொலி அறிவிப்பாளர் வர்ணனையை விட்டுவிட்டு 'கன்பாரெ', விடாதே, என்று இருபது முறைக்குமேல் கத்தினார். ஜப்பானியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1995 ஜனவரியில் கோபேயை நிலநடுக்கம் தரைமட்டமாக்கி 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த நகரத்தின் ஓரிக்ஸ் பேஸ்பால் அணி 'கன்பாரோ கோபே' என்று சட்டைக்கையில் பொறித்து ஆடி அந்த ஆண்டு பசிபிக் லீக்கை வென்றது. அந்தச் சொல் 'பாடுபடுவோம்' என்கிறது. சொல்பவரும் சுமையின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். 2011 மார்ச்சில் சுனாமி வடகிழக்கை அழித்தபின் தொலைவிலிருந்து குவிந்த 'கன்பாரெ' அப்படி ஒலிக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து ஏற்கனவே தாங்கிக்கொண்டிருப்பவரிடம் இன்னும் தாங்கு என்பது போலிருந்தது. மனச்சோர்வில் இருப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று ஜப்பானிய மருத்துவர்கள் அறிவுறுத்துவதும் அதனால்தான். நாகானோவின் சுவா மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் கமத்தா மினொரு 2000இல் எழுதிய நூலின் தலைப்பே 'பாடுபடாமல்' என்ற பொருள் தருவது. அது பரவலாக வாசிக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

கடைசி மறுப்பு நம் ஊரிலிருந்தே வருகிறது. 2023இல், இந்திய இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாடறிந்த மென்பொருள் தொழிலதிபர் ஒருவர் சொன்னார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியையும் ஜப்பானையும் சான்று காட்டினார். சென்னையிலும் கோவையிலும் அதை வழிமொழிந்தவர்கள் உண்டு. ஜப்பானைச் சான்று காட்டுவதானால் இன்றைய ஜப்பானையும் கேட்க வேண்டும். நீண்ட நேரம் வேலை வாங்கிய அந்த நாடு, ஒரு மணி நேர உழைப்பின் விளைவில் ஜி7 நாடுகளில் வெகுகாலமாகக் கடைசியில் நிற்கிறது. 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களுக்கும் மறு ஆண்டு சிறியவற்றுக்கும், 36ஆம் பிரிவுக்கு முதல்முறையாகத் தண்டனையோடு உச்சவரம்பு வந்தது. மருத்துவர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் தளர்ந்த அளவில் 2024இல் வந்தது. சட்டப்படி அங்கே வாரம் 40 மணி நேரம். 70 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 30, மாதத்துக்கு ஏறக்குறைய 130 மணி நேரம் கூடுதல். மாதம் 100 மணி நேரம் கூடுதலாக உழைத்த ஒருவருக்கு மாரடைப்போ மூளை ரத்தக்கசிவோ வந்தால், அதற்கும் வேலைக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகவே ஜப்பானிய அரசின் அளவுகோல் கொள்கிறது. சாதாரண ஊழியர் ஒருவரை மாதம் 130 மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கும் முதலாளிக்கு அங்கே இன்று ஆறு மாதம் வரை சிறை, அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம்.